முப்பத்தைந்தாயிரம் ரூபாயில் பாதி பஸ்ஸுக்குப் போனது

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஒரு மீன்பிடி ஊரில் கடல் பாதுகாப்பு வேலை செய்ய, கல்லூரி மாணவர்களாக இருந்த எங்கள் ஐந்து பேர் குழுவுக்கு ஓர் அறக்கட்டளையிடமிருந்து கிடைத்த நிதி 35,000 ரூபாய். அதில் பஸ், மினி பஸ், ஷேர் ஆட்டோவுக்கு 17,400. டீ, சாப்பாட்டுக்கு 5,200. எங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டு வந்த பெண்களுக்குக் கூலி 4,800. தாள், பெயின்ட், ஜெராக்ஸ் 2,900. சாக்கு, கையுறை 2,300. கடைசியில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்துக்கு 1,760. மிச்சம் 640.

விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு இது இல்லை. அதில் ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தது, டி-ஷர்ட், தொப்பி, சான்றிதழ், கேடயம் எல்லாம் இருந்தன. பயணத்துக்கு 4,000தான் போட்டிருந்தோம். ஒரு ஊருக்கு நான்கு தடவை போனால் போதும் என்று நினைத்திருந்தோம். போனது பதினெட்டுத் தடவை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கடல் பாதுகாப்புக்காகச் சிறு நிதி கேட்டு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எழுதியதைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நல்ல பிள்ளைகள், உண்மையான அக்கறையோடு எழுதியிருப்பார்கள். ஆனால் பட்ஜெட் பக்கத்தைத் திருப்பினால் எங்கள் பழைய விண்ணப்பமே மறுபடி வந்து நிற்பது போல இருக்கும். அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அது 2017. நான் தூத்துக்குடியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மன்னார் வளைகுடா பற்றிப் படித்ததையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதினோம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம், பவளப்பாறை, கடற்புல், ஆமை, கடல் பசு. அதற்குப் பிறகு, ஆறு மாதத்தில் 20 பள்ளிகளில் 5,000 மாணவர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்துவோம் என்று முடித்தோம். அறக்கட்டளையிலிருந்து வந்த பதிலில் ஒரு கேள்வி இருந்தது. இந்த 5,000 பேரில் யாரையாவது இரண்டாவது முறை பார்ப்பீர்களா?

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. மறு ஆண்டு அந்தக் கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இரண்டாவது விண்ணப்பத்தை எழுதினோம். 20 பள்ளி என்பது ஒரு பள்ளி ஆனது. மூக்கையூருக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி, ஆறு முதல் எட்டு வரை 74 பிள்ளைகள். ஊரில் இரண்டு வலைக் கொட்டகைகள். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது எங்கள் குழுவில் இருந்த தோழியின் அம்மா ஊர். அவளுடைய அத்தை கடல் பாசி எடுக்கப் போகிறவர். தெரிந்த ஒரு வீடாவது இல்லாத ஊரில் மாணவர்கள் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். குடிக்கத் தண்ணீர், பாத்ரூம், மழைக்கு ஒதுங்க ஒரு திண்ணை, ஊர்க் கமிட்டித் தலைவரிடம் "நம்ம பிள்ளைங்கதான்" என்று சொல்ல ஓர் ஆள். இதையெல்லாம் எந்த நிதியாலும் வாங்க முடியாது.

ஜூலையில் முதல் தடவை போனோம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ஆண்கள் பலர் கரையில்தான் இருந்தார்கள், வலை பழுது பார்த்துக்கொண்டு. கொட்டகைத் தூணில் நாங்கள் கொண்டுபோன போஸ்டரை ஒட்டினோம். "வலைகளைக் கடலில் வீசாதீர்கள், ஆமைகளைக் கொல்லாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் இருந்தது.

ஒரு பெரியவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு மடியில் கிடந்த வலையைத் தூக்கிக் காட்டி, "தாயி, இது என்ன விலைன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். அவர் சொன்ன தொகை எங்கள் மொத்த நிதியைவிட அதிகம். "இதை எவன் தூக்கி எறிவான்? பார்ல சிக்கும், இல்லன்னா விசைப்படகுக்காரன் மடியை இழுத்துக்கிட்டுப் போறப்ப அறுத்துட்டுப் போவான். வலை போனா எங்க வீட்ல ரெண்டு நாள் யாரும் பேச மாட்டாங்க." மடி என்பது விசைப்படகு இழுத்துப் போகும் வலை. பார் என்பது கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் அங்கேதான் கூடும், வலையும் அங்கேதான் மாட்டும்.

அந்தப் போஸ்டரை நாங்களே கிழித்து எடுத்தோம். பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. கைவிடப்பட்ட வலை ஆமையையும் கடல் பசுவையும் கொல்கிறது என்பது உண்மை. ஆனால் அதைத் தொலைத்தவன் குற்றவாளி என்று நாங்கள் எழுதியது பொய். நகரத்தில் உட்கார்ந்து வாசகம் எழுதினால் இப்படித்தான் வரும். அதனால் இப்போது மாணவர்களிடம் சொல்வது, முதல் இரண்டு பயணத்துக்கு எதையும் அச்சடிக்காதீர்கள். வெறும் நோட்டோடு போங்கள். விண்ணப்பத்திலேயே அதை எழுதுங்கள், "முதல் இரண்டு மாதம் கேட்க மட்டும்" என்று. அப்படி எழுதினால் நிதி தருகிறவர்கள் தயங்குவார்கள் என்று பயப்பட வேண்டாம். நான் பார்த்தவரை அந்த வரிக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

இரண்டாம் தடவை போனபோது அதே பெரியவரிடம் உட்கார்ந்து, அப்படியென்றால் கரையில் கிடக்கும் இந்த நரம்பு வலைத் துண்டெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அது நாங்க போடறதுதான்." வலை பழுது பார்க்கும்போது கிழிந்த பகுதியை வெட்டி மணலில் போடுவார்கள். காற்றும் கடல் ஏற்றமும் அதைக் கடலுக்குக் கொண்டுபோகும். இதைப் பற்றிப் பேசலாம், இதற்கு ஏதாவது செய்யலாம் என்று அவரே ஒத்துக்கொண்டார். கொட்டகைக்கு இரண்டிரண்டாக வெள்ளைச் சாக்கு கட்டினோம். வெட்டும் துண்டை அதில் போடுவது என்று பேச்சு.

சாக்குக் கதை பாதிதான் வெற்றி. ஒரு கொட்டகையில் பெரியவரே பொறுப்பெடுத்துக்கொண்டார், சாக்கு நிரம்பியது. இன்னொன்றில் மூன்றாம் வாரமே சாக்கு கருவாடு போடப் போய்விட்டது, ஏனென்றால் அங்கே அதைப் பார்த்துக்கொள்ள யாரையும் நாங்கள் கேட்கவே இல்லை. அப்புறம், நிரம்பிய சாக்கை எங்கே கொண்டுபோவது என்று யோசித்திருக்கவில்லை. பழைய வலை வாங்கும் வியாபாரி சுத்தமான நைலான் வலையை எடைக்கு எடுப்பார். மணலும் சிப்பியும் ஒட்டிய துண்டு நரம்பை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். முதல் இரண்டு சாக்கையும் தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தோம், லக்கேஜ் டிக்கெட் எடுத்து. பிறகுதான் ஊராட்சியின் தூய்மைக் காவலர் அக்காவிடம் பேசி, மாதம் ஒரு முறை அவர் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடானது. சேகரிக்கும் வேலையைத் தொடங்கும் முன்பே அந்தக் குப்பை கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று முடிவு செய்துவிட வேண்டும். பின்னாளில் சென்னை காசிமேட்டில் பழைய வலையை எடைக்கு வாங்கும் ஏற்பாட்டை அரசே தொடங்கிய செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்த இரண்டு சாக்குதான் நினைவுக்கு வந்தது. அப்படி ஒன்று ஒவ்வொரு மீன்பிடி ஊருக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பள்ளியில் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். ஆகஸ்டில் முதல் வகுப்பு. தாளும் க்ரேயானும் கொடுத்து, "நம்ம கடல்" என்று ஒரு படம் வரையச் சொன்னோம். தொடக்கத்தில் ஒரு படம், முடிவில் ஒரு படம், இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கையில் வைக்கலாம் என்பது திட்டம். 74 படம் வந்தது. பெரும்பாலானவற்றில் துள்ளும் டால்பின், ஆரஞ்சு வெள்ளைக் கோடு போட்ட மீன், தென்னை மரம், நீலக் கடல். டிவியில் வரும் கடல். கடல் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நாங்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கரையில் அவர்களோடு நடந்தபோது, வள்ளத்திலிருந்து இறங்கிய கூடையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள். ஓரா, ஊளி, சீலா, முரல், விளைமீன், நகரை, கணவாய். எது பாரில் கிடைக்கும், எது பாசிக்குள் ஒளியும் என்றெல்லாம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் சொன்னான். இதை ஏன் வரையவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் சாப்பிடுற மீன், மிஸ்."

பள்ளிக்கூடத்துக்குள் வரக்கூடிய கடல் வேறு, வீட்டுக் கடல் வேறு என்று அந்தப் பிள்ளைகள் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்களும் டால்பின் படத்தோடு போய் அந்தப் பிரிவை இன்னும் கெட்டியாக்கிவிட்டு வந்திருப்போம். அன்று இரவே பாடத்திட்டத்தை மாற்றினோம். ஸ்லைடை ஓரம் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அத்தையிடம் கேட்டு, கடலில் உள்ள எதுவானாலும் ஊரில் அதற்குச் சொல்லும் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

சொற்கள் கொட்டின. காற்றுக்கு மட்டும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொன்று. ஆமை என்று நாங்கள் ஒரே சொல்லில் சொன்னது, பேராமை, அழுங்காமை, சித்தாமை, தோணியாமை, பெருந்தலை ஆமை என்று ஐந்தாக வந்தது. இந்தியக் கடலில் இருக்கும் கடலாமை இனங்கள் சரியாக ஐந்துதான். சித்தாமையைத்தான் சென்னைப் பக்கம் பங்குனி ஆமை என்கிறார்கள். கடல் பசுவை அவர்கள் ஆவுளியா என்கிறார்கள். பாசியில் கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை. விலங்கியல் படித்த எங்களுக்கு லத்தீன் பெயர் தெரியும், இவை தெரியாது. கடைசியில் 212 சொற்கள் சேர்ந்தன. பிள்ளைகள் கையெழுத்திலேயே ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். பிறகு அதையே சின்னப் புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கொன்று கொடுத்தோம். அந்த 1,760 ரூபாய் அதற்குத்தான்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு நல்ல காரியம் செய்தோம். ஊர்க் கமிட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பார்களின் பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு வரைபடம் போட்டிருந்தோம், எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று. அதை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு குடும்பம் தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கும் மீன்பிடி இடம் அது, அச்சில் வந்தால் நாளைக்கு அங்கே யார் வேண்டுமானாலும் மடியை இறக்குவார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம். மக்கள் சொன்னதை அவர்களிடமே காட்டாமல் அச்சிடக் கூடாது.

தோழியின் அத்தையையும் அவரோடு பாசிக்குப் போகும் இன்னொருவரையும் பள்ளிக்கு அழைத்திருந்தோம். விரலுக்கு விரல் துணி சுற்றிக் கட்டுவது, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவது, பாசியை அடியோடு பிடுங்காமல் கிள்ளி எடுப்பது என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று இந்தக் கரையில் பெண்கள் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பது வெளியே பலருக்குத் தெரியாது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தியைக் காட்டியபோது பிள்ளைகளைவிட அந்த இரண்டு பெண்களும்தான் அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "தீவுப் பக்கம் போனா எங்களை விரட்டுறாங்க. தண்ணி சூடாகிப் பவளப்பாறை வெளுத்துச் சாகுதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அதுக்கு யாரை விரட்டுவாங்க?" 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் கடல்நீர் சூடாகிப் பவளப்பாறைகள் பெரிய அளவில் வெளுத்தன. அந்தச் சூட்டுக்கும் விரலில் துணி கட்டிக்கொண்டு இறங்கும் ஒரு பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. எங்களிடம் பதில் இல்லை என்று வகுப்பிலேயே சொன்னோம். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அவர்களுக்குப் பணம் கொடுப்பதில்தான் சிக்கல் வந்தது. அவர்கள் ஒரு நாள் வருமானத்தை விட்டு வந்திருக்கிறார்கள். மதிப்பூதியம் என்று எழுதினால், அதைப் பெறுபவரின் கல்வித் தகுதி என்ன என்று கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டார்கள். பேராசிரியர் வந்து முக்கால் மணி நேரம் பேசினால் அந்தக் கேள்வி வராது. பிறகு "ஒரு நாள் கூலி இழப்பீடு" என்று தலைப்பை மாற்றி, அறக்கட்டளையிடம் முன்கூட்டி மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி வைத்தோம். அது நடந்தது. நீங்கள் விண்ணப்பம் எழுதும்போதே அந்த வரியை அந்தச் சொல்லிலேயே போட்டுவிடுங்கள். உள்ளூர் ஆட்களின் நேரம் இலவசம் என்று வைத்துப் போடப்பட்ட பட்ஜெட் எதையும் நான் இப்போது அடுத்த கட்டத்துக்கு விடுவதில்லை.

எங்கள் பெரிய தவறு செப்டம்பரில். பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தோம். கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளத் துண்டுகள், சங்கு, சிப்பி எல்லாவற்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கி, மேசையில் அடுக்கிப் பெயர் எழுதி வைத்தோம். பார்க்க வந்த வனத்துறை அலுவலர் ஒருவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்துக் கரையில் கிடந்தாலும் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001இலிருந்து அதே பட்டியலில். சில சங்கு வகைகளும் உண்டு. கடலைக் காப்போம் என்று பதாகை வைத்துக்கொண்டு நாங்களே பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதைப் பொறுக்க வைத்திருக்கிறோம். அன்றே எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்தோம். எழுத்தில் மன்னிப்பும் கொடுத்தோம். அவர் அதோடு விட்டது எங்கள் அதிர்ஷ்டம். எந்த நிகழ்ச்சிக்கும் முன்னால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, என்ன காட்டப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தீவுகளுக்குப் போக நினைத்தால் அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. இப்போது என் மாணவர்கள் மேசையில் வைப்பது படம் மட்டும்தான்.

அதே மாதம் மூன்றாம் சனிக்கிழமை, உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை நாள். நாங்களும் வைத்தோம். பிள்ளைகளும் நாங்களும் மட்டும்தான் இருந்தோம், பெரியவர்கள் யாரும் இல்லை. அது தொழில் நாள். அந்த ஊரில் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள், பூசை முடிந்து பத்து மணிக்கு மேல் எல்லோரும் கரையில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்களும் இந்தக் கரையில் உண்டு. உலகக் காலண்டரை வைத்துத் தேதி குறித்தது எங்கள் பிழை. அடுத்த தடவை ஞாயிறு வைத்தோம், பங்குத்தந்தை பூசையிலேயே அறிவித்தார், நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். குடத்தில் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் வீடுகளிலிருந்தே வந்தன. முதல் தடவை நாங்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருந்தோம்.

காலண்டர் என்றதும் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்கும், ஆட்கள் கரையில் இருப்பார்கள், நமக்கு வசதி என்று மாணவர்கள் நினைப்பார்கள். ஆனால் விசைப்படகு வேலையை நம்பிய வீடுகளில் அது கையில் காசு இல்லாத காலம், பள்ளியும் மே முழுக்க விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது என்றாலும் எங்கள் பக்கமும் எச்சரிக்கை, படகுகளை மேலே ஏற்றுவது என்று ஊர் முழுக்க அந்த வேலையில் இருந்தது. திட்டமிட்ட நான்கு வகுப்புகளில் மூன்று போயின. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி, பிப்ரவரி. ஆறு மாதத் திட்டம் என்று எழுதினால் அதில் இரண்டு மாதம்தான் வேலை நடக்கும். பத்து மாதம் கேளுங்கள், தொகை அதேதான் ஆகும்.

இனி பணம் கையாளும் விஷயம். நிதி இரண்டு தவணை. முதலில் 21,000, இடைக்கால அறிக்கைக்குப் பிறகு 14,000. கல்லூரிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. அதுவரை சொந்தக் காசு. எங்களில் ஒருத்திக்கு அது முடியாது, அதைச் சொல்லவும் கூச்சப்பட்டு இரண்டு பயணத்துக்கு வராமலே இருந்தாள். காரணம் தெரிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியில் பேசி, நிதி வந்தவுடன் முன்பணமாக எவ்வளவு தருவீர்கள், யார் கையெழுத்திட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மாணவர்கள் செலவு செய்துவிட்டுப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் குழுவில் மிச்சம் வைக்கும்.

டீக்கடையில் பில் தர மாட்டார்கள். ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி, தேதி, தொகை, எதற்கு, கையெழுத்து என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். பஸ் டிக்கெட்டைத் தாளில் ஒட்டி வைத்திருந்தோம். மெஷினில் வரும் டிக்கெட்டில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கி வெள்ளைத் தாளாகிவிட்டது. அன்றன்றைக்குப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு தலைப்பில் இருந்த பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றுவதாக இருந்தால், செலவு செய்வதற்கு முன்னால் கேளுங்கள். டி-ஷர்ட்டையும் கேடயத்தையும் பேனரையும் எடுத்துவிட்டுப் பயணத்தில் சேர்க்கலாமா என்று நாங்கள் எழுதியபோது, ஒரே நாளில் சரி என்று பதில் வந்தது. பயந்துகொண்டு கேட்காமல் இருந்திருந்தால் டி-ஷர்ட் அடித்து முடித்திருப்போம்.

வெளிநாட்டு நிதி பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் இயற்கைப் பாதுகாப்புக்குச் சிறு நிதி தரும் வெளிநாட்டு அமைப்புகள் நிறைய கண்ணில் படும். பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை போலப் பெயர் பெற்றவையும் உண்டு. ஆனால் இந்தியாவில் இப்படிப்பட்ட திட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் பெற, எஃப்சிஆர்ஏ என்று சொல்லும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும், பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குழு 2021இல் நன்றாக எழுதி, தேர்வாகி, பணத்தைப் பெறும் வழியில்லாமல் கைவிட்டது. அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். வழியில்லை என்றால் உள்நாட்டு அறக்கட்டளை, முன்னாள் மாணவர் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம் என்று பாருங்கள். பள்ளிகளில் தேசியப் பசுமைப் படையின் சூழல் மன்றத்துக்கு அப்போது ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்ற கணக்கில் ஒதுக்கீடு இருந்தது, இப்போது என்ன உண்டு என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். சின்னத் தொகைதான், ஆனால் அது பள்ளிக்கே வரும் பணம், நீங்கள் போன பிறகும் ஆசிரியர் கையில் இருக்கும்.

அறிக்கையில் பிள்ளைகளின் படங்களைத் தாராளமாகப் போட்டிருந்தோம். பெற்றோரின் சம்மதம் எங்கே என்று அறக்கட்டளையிலிருந்து கேட்டார்கள். எங்களிடம் இல்லை. 74 வீட்டுக்கும் படிவம் கொண்டுபோக இன்னொரு பயணம் ஆனது, சிலர் மறுத்தார்கள், அந்தப் படங்களை எடுத்துவிட்டோம். இதை முதல் வகுப்பிலேயே செய்திருக்க வேண்டும். ஊர்ப் பெயரை இங்கே நான் எழுதாததற்கும் காரணம் அதுதான்.

பிப்ரவரியில் இரண்டாவது படம் வரையச் சொன்னோம். டால்பின் ஓரிரண்டில் இருந்தது. முதல் படத்தில் தென்னை மரம் மட்டும் வரைந்திருந்த ஒரு பெண் இந்தத் தடவை தண்ணீருக்கு அடியில் ஓர் ஆளை வரைந்திருந்தாள், கண்ணாடி மாட்டி, பத்து விரலிலும் துணி கட்டி. பக்கத்தில் கட்டக்கோரை, அதற்குள் ஓரா. எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி அம்புக்குறி போட்டிருந்தாள். அந்த ஆளுக்குக் கீழே "அப்பத்தா" என்று இருந்தது. அறிக்கையில் எண்ணிக்கை கேட்ட இடத்தில், இத்தனை படங்களில் ஊர் உயிரினங்கள் பெயரோடு வந்திருக்கின்றன என்று எழுதிவிட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்த 640 ரூபாயைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டோம். இன்னொரு தடவை போய் வாருங்கள் என்றார்கள். மார்ச் கடைசியில் நானும் தோழியும் மட்டும் போனோம். பள்ளிச் சுவரில் சொற்பட்டியலின் கடைசித் தாளுக்குக் கீழே யாரோ நோட்டுத் தாள் ஒன்றை ஒட்டி, பதினோரு சொல் கூடுதலாக எழுதியிருந்தார்கள். இரண்டு கையெழுத்துகள், ஒன்று பெரியவர் எழுத்து. அதில் மூன்று எங்களுக்கு என்னவென்றே தெரியவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பெரியவரிடம் கேட்டோம். இரண்டுக்குச் சொன்னார். மூன்றாவதற்கு, "அது எங்க அப்பா காலத்து மீனு, இப்ப வர்றதில்ல" என்றார். அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நாலு மணி மினி பஸ்ஸைப் பிடித்தோம்.